காவடிக் கூடையில் ஒரு குழந்தை

சிலை யாருக்கு வைக்கிறார்கள்? அரசனுக்கு வைக்கிறார்கள். அரசன் கும்பிட்ட சாமிக்கு வைக்கிறார்கள். அரசன் ஏறிச் சென்ற குதிரைக்கும் வைக்கிறார்கள். அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துச் சுமந்து வந்தாளே ஒருத்தி, அவளுக்கு வைத்தார்களா?

இளம்பிள்ளையிலிருந்து சைக்கிளை எடுத்தால் தாரமங்கலம் போய்ச் சேர அதிக நேரம் பிடிக்காது. கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயில் அங்கே இருக்கிறது. கல்லிலே ரதி நிற்கிறாள், மன்மதன் நிற்கிறான், வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கு நிற்கிறார்கள். இராமனருகே நின்றால் வாலி தெரிவான், வாலியருகே நின்றால் இராமன் தெரியமாட்டான் என்று வருவோருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். மறைந்து நின்று அம்பு எய்த சேதியைக் கல்லே ஒப்புக்கொள்கிறது பாருங்கள்! அந்த உளியின் திறத்தை எவர் மறுப்பார்? நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூணுக்குக் கல் இழுத்தவன் எங்கே? மண் சுமந்தவள் எங்கே? மண் சுமப்பதற்காக இடுப்பிலிருந்து இறக்கி மரத்தடித் தூளியில் அவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை எங்கே? பசித்து அழுத அந்தப் பிள்ளையை, தன் பேரனல்ல என்றாலும், தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்த கிழவி எங்கே? தெற்கே நாயக்கர் காலக் கோயில்களில் குறவனும் குறத்தியும் சிலையாக நிற்கிறார்களே என்று கேட்பீர்கள். நிற்கிறார்கள். கதையிலே வரும் குறத்தி நிற்கிறாள். வேலை முடிந்து வீடு திரும்பும் குறத்திக்குத் தூண் கிடைக்கவில்லை.

அன்பே பெரிது என்று பேசாதவர் இல்லை. ஆனால் எவருடைய அன்பு கல்லில் ஏறுகிறது என்று பார்த்தால்தான் சூட்சுமம் புரியும். ஷாஜகான் மும்தாஜை நேசித்தான், யமுனைக் கரையில் பளிங்கு எழுந்தது. அந்தப் பளிங்கைச் சுமந்தவன் தன் மனைவியை நேசிக்கவில்லையா? நேசித்தான். சுமை இறக்கிய கையால் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தான். அந்தக் காட்சிக்குப் பளிங்கு இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

சுண்ணாம்பு இல்லாவிட்டால் என்ன, சிமெண்ட் இருக்கிறது என்று 1938ஆம் ஆண்டில் எழுந்தார் ஒருவர். வங்காளத்துக்காரர். பெயர் ராம்கிங்கர் பைஜ். இந்நாட்டின் புதுக்காலச் சிற்பக்கலைக்கு வழி திறந்தவர் என்று கலை உலகம் இன்று ஏற்றுக்கொண்ட பெயர். நம் படிப்பகங்களில் இந்தப் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. தறி மேடையிலும் ஆலை வாசலிலும் நிற்கிற தோழர்களுக்கு, எந்த அரசனின் வரலாற்றையும்விட இவர் வரலாறு நெருக்கமானது என்று நாம் நினைப்பதால் எழுதுகிறோம்.

1906ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், பாங்குரா என்ற ஊரில் பிறந்தார். முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பம். ஊரார் தலையைத் தொட்டு வேலை செய்யும் குடும்பம், ஆனால் ஊரார் திண்ணையைத் தொட்டு உட்காரத் தயங்க வேண்டிய குடும்பம். அது எப்படிப்பட்ட வாழ்வென்று நம் நாட்டிலே விளக்கவா வேண்டும்! குடும்பத்துக்கு வழங்கிய பெயர் பிரமாணிக். தொழிலையும் சாதியையும் சேர்த்துச் சொல்லும் அந்தப் பெயரை விட்டுவிட்டுத்தான் பைஜ் என்று வைத்துக்கொண்டார்.

பாங்குரா மாவட்டம் மண்ணுக்குப் பேர்போனது. அங்குள்ள சுடுமண் குதிரைகளை இன்று நகரத்துக் கடைகளில் அலங்காரப் பொருளாக விற்கிறார்கள். விஷ்ணுபூர்க் கோயில்களின் சுவர் முழுவதும் சுட்ட மண்ணில் வார்த்த உருவங்கள். அந்த மண்ணில் பிறந்த சிறுவன், சாமி உருவம் செய்யும் கைவினைஞர்களின் பக்கத்திலேயே சுற்றினான். மண் பிசைந்து கொடுத்தான், பொம்மை பிடித்தான். நாடகக் கொட்டகைக்குத் திரை எழுதினான். ஒத்துழையாமை இயக்கம் நாட்டைக் குலுக்கிய காலத்தில், தலைவர்களின் உருவப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் எழுதி ஊர்வலங்களுக்குக் கொடுத்தான். எந்தப் பள்ளியிலும் ஓவியம் படிக்கவில்லை. நம் ஊரில் மாநாட்டுத் தட்டி எழுதும் தோழர்கள் எங்கே படித்தார்கள்? அப்படித்தான்.

அதே பாங்குராவில் பிறந்தவர் ராமானந்த சட்டர்ஜி. மாடர்ன் ரிவ்யூ என்ற பேரேட்டின் ஆசிரியர். ஊருக்கு வந்த இடத்தில் இந்த இளைஞனின் கைவேலையைக் கண்டார். 1925ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்துக்கு அனுப்பி வைத்தார். பத்திரிகையாளன் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் அது ஒன்று என்று, அதே தொழிலில் இருக்கிற நாம் கொஞ்சம் பெருமையோடே குறித்துக்கொள்கிறோம்.

சாந்திநிகேதனம் தாகூர் நிறுவிய கல்விச்சாலை. அதன் ஓவியச்சாலைக்குக் கலாபவனம் என்று பெயர். 1919ல் தொடங்கியது. தலைமை ஆசான் நந்தலால் போஸ். பாங்குரா இளைஞன் கொண்டுவந்த படங்களைப் பார்த்த நந்தலால், இவ்வளவும் தெரிந்தவனுக்கு இங்கே கற்க என்ன இருக்கிறது என்று வியந்து, சரி, இரண்டு மூன்று ஆண்டு இருந்து பார் என்றாராம். அந்த இரண்டு மூன்று ஆண்டு, வாழ்நாள் முழுவதுமாக நீண்டது! மாணவராக நுழைந்தவர், ஆசிரியரானார், சிற்பத் துறைக்குத் தலைவரானார், 1971ல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் அவ்விடத்தை விட்டுப் போகவில்லை.

சாந்திநிகேதனத்தில் படிக்க வந்தவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் மத்தியில் தலையில் ஓலைத் தொப்பியும், கையில் சிமெண்டும், தொண்டையில் பாட்டுமாகத் திரிந்தார் நம் ராம்கிங்கர். 1935ல் யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே நெடிது உயர்ந்த ஒரு பெண் உருவத்தை நட்டார். அதற்கு மாதிரியாக இருந்தவர் ஜெயா அப்பாசாமி என்ற மாணவி என்று சொல்வதுண்டு. சென்னையில் பிறந்த பெண், பிற்காலத்தில் கலை வரலாறு எழுதிப் பேர் பெற்றவர். நந்தலால் பார்த்துவிட்டுத் தலையில் ஒரு கலயம் வைக்கச் சொன்னார், புத்தருக்குப் பாயசம் கொடுத்த சுஜாதை ஆகிவிட்டாள்! தாகூர் கண்டார். கோபிப்பார் என்று எல்லாரும் நடுங்க, இந்த வளாகம் முழுவதையும் இப்படிச் சிலைகளால் நிரப்பு என்று உத்தரவு கொடுத்துவிட்டார் என்பார்கள்.

உத்தரவு கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. வெண்கலத்தில் வார்க்க வேண்டுமானால் பட்டறை வேண்டும், உலோகம் வேண்டும், காசு வேண்டும். கல்விச்சாலைக்கே கஞ்சிக் காலம். ராம்கிங்கர் கீழே குனிந்து பார்த்தார். அந்தப் பூமி செம்மண் பூமி. காலடியில் சிவந்த சரளைக்கல் கொட்டிக் கிடக்கிறது. இரும்புக் கம்பியை வளைத்து எலும்பு போலக் கட்டினார். சிமெண்டையும் சரளையையும் குழைத்தார். கொத்தனார் சுவருக்குப் பூச்சு எறிவது போலக் கையால் அள்ளி அள்ளி எறிந்தார். காய்ந்த இடத்தைச் செதுக்கினார். வெயிலில் நின்று, மழையில் நின்று, வழிப்போக்கர் வேடிக்கை பார்க்க வேலை செய்தார். சிற்பக்கூடமென்று நான்கு சுவர் இல்லை. கட்டட வேலைக்குப் போகும் சித்தாளும் பெரியாளும் பார்த்தால், இது நம்ம வேலை அல்லவா என்று சொல்லியிருப்பார்கள்.

அப்படி எழுந்ததுதான் 1938ஆம் ஆண்டின் சந்தால் குடும்பம்.

சந்தால்கள் யார்? வங்காளம், பீகார், ஒரிசாக் காடுகளைத் திருத்திக் கழனியாக்கிய பழங்குடி மக்கள். கறுத்த மேனியர். கழனி ஆனதும் கழனிக்கு வேறு சொந்தக்காரன் வந்தான், வட்டிக்காரன் வந்தான். 1855ல் சித்து, கானு என்ற சகோதரர்கள் தலைமையில் வில்லெடுத்து எழுந்தார்கள். கம்பெனிப் பட்டாளம் துப்பாக்கியால் அடக்கியது. அதன் பிறகு கூலிதான். நடவென்றால் ஓரிடம், அறுப்பென்றால் ஓரிடம் என்று குடும்பத்தோடு நடந்தார்கள். சாந்திநிகேதனத்துச் சாலைகளில் நாள்தோறும் நடந்தவர்கள் அவர்கள். எல்லாரும் பார்த்தார்கள். ராம்கிங்கர் மட்டும் நின்று பார்த்தார்.

என்ன செய்து வைத்தார்? முன்னே ஒரு ஆண். தோளில் ஒரு மூங்கில் தடி, இரு முனையிலும் தொங்கும் கூடைகள். நம் ஊரில் காவடி என்போமே, அதுதான். எடப்பாடிப் பக்கத்திலிருந்து தைமாதத்தில் பழனிக்குக் காவடி தூக்கிப் போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்தக் காவடியில் பாலும் இல்லை, பன்னீரும் இல்லை. ஒரு கூடையிலே குழந்தை! மறு கூடையிலே வீட்டுச் சாமான். குழந்தையின் எடைக்குச் சரியாக எவ்வளவு சாமான் இருக்குமோ அவ்வளவுதான் அந்த வீட்டின் சொத்து. பக்கத்தில் மனைவி. தலையில் சுமை, இடுப்பில் இன்னொரு பிள்ளை. இருவருக்கும் இடையே வீட்டு நாய், தானும் ஒரு ஆள் என்கிற உரிமையோடு நடக்கிறது.

தோழர்களே, அந்த நாயைக் கொஞ்சம் பாருங்கள். ஊரை விட்டுப் போகிற குடும்பம், உண்ண இருக்கிறதோ இல்லையோ தெரியாத குடும்பம், நாயை விட்டுவிட்டுப் போகவில்லை. இரக்கத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம், ராம்கிங்கர் ஒரு நாயை வைத்து முடித்துவிட்டார்.

அவர்கள் அழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஏழையைக் காட்ட வேண்டுமென்றால் கண்ணீரைக் காட்டுவது கலைஞர்களுக்கு ஒரு பழக்கம். நாமும் மேடையிலே அதைச் செய்கிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. ராம்கிங்கர் கண்ணீரைக் காட்டவில்லை. நிமிர்ந்த நடை, அகன்ற தோள், ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஆகிருதி. அரசர்களுக்குக் கொடுக்கும் கம்பீரத்தைக் கூலிக் குடும்பத்துக்குக் கொடுத்தார். அரசர்களுக்குக் கொடுக்கும் ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை, உயர்ந்த பீடம். நம்மோடு அதே தரையில் நடக்கிறார்கள். கணவன் மனைவியைப் பார்க்கவில்லை, மனைவி கணவனைப் பார்க்கவில்லை. கட்டி அணைப்பும் இல்லை, கண்ணோடு கண்ணும் இல்லை. ஆனால் சுமையைப் பங்கு போட்டிருக்கிறார்கள்: பெரியதை அவன், சிறியதை அவள். காதல் என்று அதற்குப் பெயர் வைக்க ஒருவருக்கும் தோன்றாதிருக்கலாம். நமக்குத் தோன்றுகிறது.

சேலம் சீமைக்காரருக்கு இந்த நடை புதிதல்ல. 1876ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமல்ல. கங்காணி கை காட்டிய திசையில், கண்டிச் சீமைத் தேயிலைக்கும் மலேயா ரப்பர்க் காட்டுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பிழைக்கப் போனார்கள். சேர்வராயன் மலையிலிருந்து கூடையோடு இறங்கும் மலைவாழ் மக்களை இன்றும் சேலம் சந்தையில் காணலாம். ஆனால் அந்த நடையை எந்தச் சிற்பி எந்தச் சாலை ஓரத்தில் நிறுத்தி வைத்தான்?

கடலுக்கப்பால் ஒரு சேதி. ராம்கிங்கர் சரளையை எறிந்துகொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் நியூயார்க் நகரின் ஹார்லெம் என்ற கறுப்பு மக்கள் பேட்டையில் ஒரு பெண் சிற்பி இருந்தார். அகஸ்டா சாவேஜ். 1892ல் தெற்கே புளோரிடாவில் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் ஏழாவது. அங்கும் களிமண் பூமி, அங்கும் மண்ணில் பொம்மை பிடித்த குழந்தை. தந்தை கிறித்தவ போதகர், உருவம் செய்வது பாவமென்று அடித்தவர். அடித்த கை ஓய்ந்தது, பிடித்த கை ஓயவில்லை. 1923ல் பிரான்சு நாட்டுக் கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார். தகுதி இருந்தது. நிறம் கறுப்பு என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். கறுப்புப் பெண்ணோடு வெள்ளைப் பெண்கள் எப்படி ஒரே அறையில் இருப்பார்கள் என்ற கவலை அவர்களுக்கு! தீட்டு என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லையென்று யார் சொன்னது?

1929ல் தொப்பி அணிந்த ஒரு கறுப்புச் சிறுவனின் தலையைச் சிறிய சிலையாகச் செய்தார். தெருப்பையன். கொஞ்சம் குறும்பு, கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் என்னைத் தொடாதே என்கிற மிடுக்கு. அதுவரை அமெரிக்கக் கடைத்தெருவில் கறுப்பர் முகம் என்றால் கேலிப் பொம்மை. சாவேஜ் அந்தப் பையனைப் பெற்றவள் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தச் சிலை அவருக்கு உதவிப் பணம் வாங்கித் தந்தது, பாரிசுக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்து என்ன செய்தார்? பங்களா கட்டினாரா? ஹார்லெமில் ஒரு கூடத்தைத் திறந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் களிமண்ணும் வண்ணமும் கொடுத்துக் கற்றுத் தந்தார். 1937ல் ஹார்லெம் சமுதாயக் கலை நிலையத்தின் முதல் இயக்குநரானார். அவர் வளர்த்துவிட்ட பிள்ளைகளில் ஒருவர் ஜேக்கப் லாரன்ஸ். தெற்கிலிருந்து வடக்கே பிழைக்கப் போன கறுப்பு மக்களின் நடையை 1940, 41ல் 60 படங்களாக எழுதினார் அவர். மூட்டை முடிச்சோடு, பிள்ளை குட்டியோடு ரயிலடியில் காத்திருக்கும் கூட்டம். அதையும் சந்தால் குடும்பத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே சாலையில் போகிறவர்கள் என்றுதான் நமக்குத் தெரிகிறது.

1939ல் நியூயார்க்கில் உலகப் பொருட்காட்சி. அதற்காக சாவேஜ் 16 அடி உயரத்தில் ஒரு யாழ் செய்தார். யாழின் நரம்புகளாக வரிசையில் நின்று பாடும் கறுப்புச் சிறுவர் சிறுமியர் 12 பேர். அவர்களைத் தாங்கும் கை கடவுளின் கை என்று செய்திருந்தார். கையின் சொந்தக்காரர் யாரென்று நாம் அந்த அம்மையாரோடு வழக்காடப் போவதில்லை, தாங்கப்பட்ட பிள்ளைகள் எவர் என்பதுதான் நமக்குச் சேதி. ஆனால் அது வெறும் சாந்து வார்ப்பு. கருங்கல் போலத் தெரிய மேலே வண்ணம். வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை, எடுத்து வைக்க இடமுமில்லை. பொருட்காட்சி முடிந்தது, உடைத்துத் தள்ளிவிட்டார்கள்! வந்தவர்கள் வாங்கிச் சென்ற கையடக்கப் பிரதிகளும் படங்களும்தான் மிச்சம். 1962ல் சாவேஜ் மறைந்தார்.

இரு இடத்திலும் வெண்கலத்துக்குக் காசில்லை. ஒன்று சாந்து, உடைந்தது. ஒன்று சிமெண்டும் சரளையும், நின்றது. ராம்கிங்கரின் கருத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டோ அவ்வளவு மதிப்பு அவருடைய கொத்தனார் வேலைக்கும் உண்டு என்று நாம் சொல்லக் காரணம் இதுதான்.

1943ல் வங்காளத்தைப் பஞ்சம் விழுங்கியது. இருபதிலிருந்து முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். போர்க்காலத்து ஆட்சி, தானியம் போன வழியை மறித்து விலையை ஏற விட்டு வேடிக்கை பார்த்தது. அந்த ஆண்டில் ராம்கிங்கர் நெல்லடிக்கும் ஓர் உருவத்தைச் செய்தார். நெல்லை விளைவித்தவன் நெல்லின்றிச் சாகும் ஆண்டில், நெல்லடிக்கும் சிலை! அதற்கு விளக்கவுரை வேண்டுமா?

அடுத்துச் சொல்ல வேண்டியது 1956ன் ஆலைச் சங்கு. சந்தால் குடும்பம் நடந்தது, இது ஓடுகிறது. காவடி தூக்கிய குடும்பத்தின் அடுத்த தலைமுறை அரிசி ஆலைக்குக் கூலியாகப் போய்விட்டது போலும். சங்கு ஊதிவிட்டது. இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள். பின்னால் ஒரு சிறுவன். ஒருத்தி முன்னே பார்த்து ஓடுகிறாள், ஒருத்தி திரும்பிப் பார்க்கிறாள். குளித்துத் துவைத்த சேலை இன்னும் காயவில்லை. காயும்வரை காத்திருக்கச் சங்கு விடுமா? ஓடிக்கொண்டே சேலையைக் காற்றில் பிடித்து உலர்த்துகிறார்கள். கொடி பறக்கிறது போலப் பறக்கிறது துணி. காற்றையே சிமெண்டில் பிடித்து வைத்திருக்கிறார் மனிதர்!

இளம்பிள்ளைத் தோழர்கள் இந்தச் சேலையைக் கவனிக்க வேண்டும். ஊர் பேரே சேலையால் வந்த ஊர் அது. கஞ்சமலைப் பக்கத்திலிருந்து காற்றடித்தால், தறிச் சத்தம் கலந்துதான் வருகிறது. அங்கே நெய்து மடித்து அட்டைப் பெட்டியில் போகும் சேலை, ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கல்யாணத்தில் மின்னுகிறது. தார் சுற்றுகிறவள், பாவு பிணைக்கிறவள் உடுத்தியிருக்கும் சேலை எது? காலையில் துவைத்துப் பாதி ஈரத்தோடு உடுத்தி வந்தது. தறிக்கூடத்தின் ஓரத்தில் தூளி. உள்ளே பிள்ளை. தறி ஓடும்போது பிள்ளை அழுதால் கேட்காது, தூளி அசைவதைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். பெற்றவள் கை வேலையில் இருந்தால் பக்கத்துத் தறிக்காரி காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். நன்றி சொல்வாரும் இல்லை, எதிர்பார்ப்பாரும் இல்லை. ஆலைச் சங்கில் திரும்பிப் பார்க்கிறாளே ஒருத்தி, அவள் அந்தச் சிறுவனுக்குத் தாயோ, சின்னம்மாவோ, அடுத்த குடிசைக்காரியோ, சிற்பி சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. பின்தங்கியவனைத் திரும்பிப் பார்க்க ஒருத்தி இருக்கிறாள்.

சென்னைக் கடற்கரையில் 1959ல் உழைப்பாளர் சிலை வந்தது. நான்கு ஆண்கள் நெம்புகோல் போட்டுப் பாறையை நகர்த்துகிறார்கள். வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, அவரும் வங்காளத்தவர், சென்னைக் கலைப்பள்ளிக்கு நீண்ட நாள் முதல்வர். அந்தச் சிலையின் அடியில் மே நாளில் கூடாத தொழிற்சங்கம் உண்டா! அதன் தசைமுறுக்கு நம் இரத்தத்தைச் சூடேற்றுவது உண்மை. ஆயினும் அங்கே பெண் இல்லை, பிள்ளை இல்லை. பாறையோடு போராடும் நேரம் அங்கே இருக்கிறது, பாறையை விட்டு வீடு திரும்பும் நேரம் இல்லை. ராம்கிங்கரின் இரு சிலைகளையும் பார்த்த கண்ணுக்கு அந்தக் குறை தெரியத்தான் செய்யும்.

அவர் வாழ்ந்த விதமும் சந்தால் குடும்பத்தின் விதம்தான். கூரை வீடு. மழைக்காலத்தில் ஒழுகும். ஒழுகும் இடத்துக்குத் தாம் எழுதிய எண்ணெய் ஓவியத் துணியை எடுத்துச் செருகிவிடுவார் என்பார்கள். ஏன் என்று கேட்டால், எண்ணெய் வண்ணத்தில் தண்ணீர் இறங்காது என்பதுதான் காரணம். இன்று அவருடைய ஓவியம் ஒன்றை வாங்கப் பணக்காரர்கள் ஏலத்தில் போட்டி போடுகிறார்கள், அன்று அது ஓட்டை அடைத்தது!

வீட்டிலே துணையாக இருந்தவர் ராதாராணி அம்மையார். மணச்சடங்கு எதுவும் இல்லை. ஊரார் பேசினார்கள், மேட்டுக்குடிகள் முகம் சுளித்தார்கள். அந்த அம்மையார் அவருக்குச் சோறு ஆக்கிப் போட்டார், குடித்துவிட்டு வந்த நாளிலும் பார்த்துக்கொண்டார், முதுமையில் பார்வை மங்கியபோதும் பார்த்துக்கொண்டார். அவர் குடித்ததை நாம் போற்றவில்லை. அது அவர் உடலைத் தின்றது. ஆனால் மந்திரம் சொல்லிக் கட்டிய தாலியை அறுத்தெறியாத குறையாக மனைவியை வதைக்கும் வீடுகளையும் நாம் அறிவோம், சடங்கில்லாமல் கடைசி மூச்சுவரை காத்த இந்த வீட்டையும் அறிகிறோம்.

தில்லியில் ரிசர்வ் வங்கியின் வாசலுக்கு யட்சன், யட்சி இருவரையும் கல்லில் வடிக்கும் வேலை இடையிலே வந்தது. செல்வத்துக்குக் காவல் நிற்கும் தேவதைகள். பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. யட்சியின் ஆடையற்ற மேனி நாடாளுமன்றம் வரை கேள்வியாயிற்று. பிரம்மாண்டமான சிலைகள்தாம். ஆனாலும் பணப்பெட்டியின் காவலர்களுக்கு மலைக்கல், உழைத்துப் பணத்தை உண்டாக்கியவர்களுக்குச் சாலைச் சரளை! நமக்கு அந்தச் சரளைதான் பிடித்திருக்கிறது.

1970ல் பத்மபூஷண் விருது வந்தது. 1975ல் திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் கேமிராவோடு வந்து அவரைப் படம் பிடித்தார். படம் முடியுமுன் 1976ல் கட்டக் போய்விட்டார். பிறகு சமரேஷ் பாசு என்ற எழுத்தாளர் அவர் வாழ்வை நாவலாக எழுதினார். 1988ல் அவரும் நாவலை முடிக்காமல் மறைந்தார். முடிக்க முடியாத மனிதராக இருந்திருக்கிறார் ராம்கிங்கர்.

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், கல்கத்தா அரசு மருத்துவமனை ஒன்றில் அவர் மூச்சு நின்றது. வயது 74.

2012ல் தில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம் அவர் படைப்புகளை ஒன்று திரட்டிப் பெரிய காட்சி வைத்தது. 2023ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பக்கம் போகும் தோழர்கள் ஹவுராவில் ரயில் ஏறி போல்பூரில் இறங்கினால், அங்கிருந்து அருகில்தான். கலாபவன வளாகத்தில் ஆலைச் சங்குப் பெண்களும் இருக்கிறார்கள், சந்தால் குடும்பமும் இருக்கிறது. சரளைக்கல்லின் முனைகள் தெரியும் தோள்களில் தடி. கூடையின் விளிம்புக்கு மேல் குழந்தையின் தலை.